பொன்முலாம் வெண்கலம்: பார்ப்பதும் வாங்குவதும் பேணுவதும்

பழைய பிரெஞ்சு மேசை, கணப்படுப்பின் மேல் வைக்கும் கடிகாரம், சுவரில் பொருத்தும் மெழுகுவர்த்தித் தாங்கி என எதுவானாலும், அதில் மின்னும் பொன்னிற உலோகத்தைக் கண்டதும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அசல் தங்கமா?" கேட்கலாம், ஆனால் கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி அது. வார்த்து, அரத்தால் தேய்த்து, உளியால் செதுக்கி முடித்த பிறகுதான் தங்கம் மேலே ஏறியது. பார்க்கிறவரும் அதே வரிசையில் பார்த்தால் ஏமாறுவது குறையும். விலையைத் தீர்மானிப்பதும் தங்கத்தின் எடை இல்லை. பெரிய கடிகாரம் ஒன்றின் முலாம் முழுவதையும் சுரண்டி விற்றாலும் கொடுத்த விலையில் ஓர் ஓரம்கூடத் தேறாது. நீங்கள் பணம் கொடுப்பது செதுக்கியவன் கைக்கு.

இந்த அத்தியாயம் 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸைச் சுற்றியே போகிறது. இந்தக் கலை உச்சம் தொட்டது அங்கேதான். இன்று சந்தைக்கு வரும் பொருள்களும் பெரும்பாலும் அந்தப் பட்டறைகளில் பிறந்தவை, அவற்றின் 19-ஆம் நூற்றாண்டுப் பிரதிகள், அல்லது பிரதிகளின் பிரதிகள். ஆங்கில ஏலப் பட்டியல்களில் இதை 'ஆர்மலு' என்று போடுவார்கள். பெயர் கவர்ச்சியானது என்பதால் சில கடைக்காரர்கள் மஞ்சளாக இருக்கும் எல்லாவற்றுக்கும் அதைச் சூட்டிவிடுகிறார்கள். பட்டியலில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் நம்பிவிட வேண்டாம்.

உலோகம்

வெண்கலம் என்று வழக்கமாகச் சொன்னாலும், பாரிஸ் பட்டறைகளில் ஓடிய உலோகம் பித்தளைக்குத்தான் அதிக நெருக்கம். சுமாராக ஐந்தில் நான்கு பங்கு செம்பு, மிச்சத்தில் பெரும்பகுதி துத்தநாகம், கொஞ்சம் வெள்ளீயம், கொஞ்சம் காரீயம். இந்தக் கலவைக்குக் காரணம் உண்டு. உருகியதும் அச்சின் நுணுக்கமான மூலைகளுக்குள் தடையின்றி ஓட வேண்டும். ஆறிய பிறகு உளிக்கு இணங்க வேண்டும். முலாம் பூசும்போது தங்கத்தை அளவுக்கு மீறிக் குடித்துவிடக் கூடாது. தனிச் செம்பு இந்த மூன்றாவது சோதனையில் தோற்றுவிடும்.

எனவே, எங்காவது முலாம் தேய்ந்து அடியுலோகம் மஞ்சளாகத் தெரிந்தால் "வெறும் பித்தளை" என்று ஒதுக்கிவிடாதீர்கள். மஞ்சள் தெரிந்தால் கவலை இல்லை. சாம்பல் நிறம் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். அதைப் பின்னால் பார்ப்போம்.

பட்டறைக்குள்

ஒரு மேசையின் மூலையில் பொருத்திய பெண்முகப் பட்டம் (மரத்தின் மேல் பூட்டும் வெண்கல அலங்காரத் துண்டு) ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் மெழுகிலோ களிமண்ணிலோ மரத்திலோ ஒரு மாதிரி உருவாகும். அதிலிருந்து உலோகத்தில் ஒரு மூல மாதிரி எடுத்து வைத்துக்கொள்வார்கள். அந்த மூலத்தை ஈரமணலில் அழுத்திப் பதித்து, பதிந்த குழிவில் உலோகத்தை ஊற்றினால் ஒரு வார்ப்பு கிடைக்கும். மறுபடி அழுத்தினால் இன்னொன்று. ஆக, ஒரே பட்டம் வெவ்வேறு தச்சர்கள் செய்த வெவ்வேறு மேசைகளில் வரலாம், வந்திருக்கிறது. "இந்த முகம் அந்த அரண்மனை மேசையில் இருக்கிறது, எனவே இந்த மேசையும் அதே ஆசானுடையது" என்று ஒரு வியாபாரி சொன்னால் புன்னகைத்துவிட்டு நகருங்கள்.

அச்சிலிருந்து வெளிவந்த வார்ப்பு சொரசொரப்பாக, உயிரற்றதாக இருக்கும். அதன்பிறகுதான் செதுக்குபவனின் வேலை. அரத்தால் விளிம்பைச் சீராக்கி, சிற்றுளிகளால் இலையின் நரம்பையும் முடிக்கற்றையையும் கீறி எடுத்து, நுண்ணிய முனையுள்ள பொளிப்புக் கருவிகளால் பின்புலத்தில் புள்ளிபுள்ளியாகக் கொத்தி மங்கலாக்குவான். மேட்டில் பளபளப்பு, பள்ளத்தில் மங்கல் என்ற வேறுபாட்டுக்கு விதை விழுவது இங்கேதான். ஒரு நல்ல வேலையையும் சாதாரண வேலையையும் பிரிப்பது இந்தக் கட்டம். இரண்டு பட்டங்கள் ஒரே மூல மாதிரியிலிருந்து வந்திருக்கலாம். ஒன்றில் இலை காற்றில் புரளும், மற்றதில் வெட்டி ஒட்டிய தகடாகக் கிடக்கும்.

அடுத்தது முலாம். ஒரு பங்கு தங்கத்தை ஏறத்தாழ எட்டுப் பங்கு சூடான பாதரசத்தில் கரைப்பார்கள். மிகையான ரசத்தை மெல்லிய தோலில் கட்டிப் பிழிந்ததும் வெண்ணெய்ப் பதத்தில் ஒரு கலவை மிஞ்சும். நைட்ரிக் அமிலத்தில் கரைத்த ரசத்தை வெண்கலத்தின் மேல் தடவி, பித்தளைக் கம்பித் தூரிகையால் அந்தக் கலவையைப் பூசுவார்கள். பிறகு கரி அடுப்பின் மேல் திருப்பித் திருப்பிச் சூடேற்றுவார்கள். பாதரசம் 357 பாகை செல்சியஸில் கொதித்து ஆவியாகப் போய்விடும். தங்கம் உலோகத்தோடு பிணைந்து தங்கிவிடும். பார்க்க மங்கலான மஞ்சளாக இருக்கும். வேண்டிய இடத்தை அகேட் கல்லாலோ ஹெமடைட் கல்லாலோ அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி மெருகு வரும். மங்கலாகவே விட வேண்டிய இடத்தில் வெடியுப்பு, சோற்றுப்பு, படிகாரம் சேர்ந்த கலவையைப் பூசிச் சூடாக்கி, குளிர்ந்த நீரில் சட்டென்று அமிழ்த்துவார்கள். தோல் போல மென்மையான அந்த மங்கல் பூச்சில் பெயர் பெற்றவர் பியர் கூத்தியேர் (1732–1813). நியூயார்க் ஃபிரிக் தொகுப்பில் அவர் 1781-இல் மசாரன் கோமகளுக்காகச் செய்த நீலச் சலவைக்கல் பக்க மேசை இருக்கிறது. மங்கலும் மெருகும் ஒரே விரலகலத்துக்குள் எப்படி மாறிமாறி வரலாம் என்பதைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அவ்வளவு திறமை இருந்தும் மனிதர் வறுமையில்தான் செத்தார். பதினைந்தாம் லூயியின் காதலி பாரி சீமாட்டி உள்படப் பெரிய இடத்து வாடிக்கையாளர்கள் வைத்த பாக்கி பெரிது.

அந்தக் கரி அடுப்பின் முன்னால் நின்றவர்களின் கதியையும் சொல்லாமல் விட முடியாது. ரச ஆவியை ஆண்டுக்கணக்கில் மூச்சில் இழுத்த முலாம்காரர்களுக்குக் கை நடுங்கும், பல் கொட்டும், புத்தி தடுமாறும். அந்துவான்-ஆந்த்ரே ரவ்ரியோ என்ற பாரிஸ் வெண்கல வணிகர் 1814-இல் இறந்தபோது, இந்த நஞ்சிலிருந்து தொழிலாளர்களைக் காக்க வழி கண்டுபிடிப்பவருக்கு 3,000 பிராங்க் பரிசு என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். வேதியியலாளர் தார்சே அதை வென்றார்: தனியாக ஒரு தீ மூட்டி, அதன் இழுப்பால் ஆவியைப் புகைபோக்கி வழியே வெளியேற்றும் அடுப்பு அமைப்பு. 1818-இல் அவர் வெளியிட்ட நூல்தான் இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான விவரம். உலோகக் கலவை அளவுகளும் அதில் உண்டு. ரச முலாம் இன்றும் முற்றிலும் அழிந்துவிடவில்லை. நேபாளத்தின் பாட்டன் நகரில் புத்தர் சிலைகளுக்கு இப்படிப் பூசுகிறார்கள். வேலையை வேடிக்கை பார்க்க நேர்ந்தால், புகையைக் காற்று அடித்துச் செல்லும் பக்கம் நில்லாதீர்கள்.

யார் எதைச் செய்தார்கள்

பாரிஸின் தொழிற்சங்க விதிகள் கறாரானவை. மரம் செய்பவர் உலோகம் வார்க்கக் கூடாது. வார்ப்பவர் ஒரு சங்கம், முலாம் பூசுபவர் இன்னொன்று. ஒரு மேசை மூன்று நான்கு வாசல் ஏறி இறங்கித்தான் முழுமையாகும். சார்ல் கிரஸ்ஸான் (1685–1768) என்ற தச்சர் சிற்பியாகவும் பயின்றவர். தன் மேசைக்குரிய வெண்கலத்தைத் தன் பட்டறையிலேயே வார்த்தார். சங்கத்தார் அவரை வழக்கு, சோதனை என்று வாட்டியெடுத்தார்கள். நமக்கு அது லாபமாகப் போயிற்று: மரமும் உலோகமும் ஒரே மனத்தில் பிறந்தவை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மேசைகளில் அவருடையவை முக்கியமானவை. அவருக்கு முந்தைய ஆந்த்ரே-சார்ல் பூல் (1642–1732) அரசர் கொடுத்த சலுகையில் லூவரில் பட்டறை வைத்திருந்ததால் இந்தத் தொல்லை இல்லை.

தச்சர்கள் மேசையில் பெயர் முத்திரை குத்த வேண்டும் என்று 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் சங்கம் கட்டாயமாக்கியது. வெண்கலத்துக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. எனவே மிகச் சிறந்த வேலைகளிலும் பெரும்பான்மை பெயரற்றவை. ஷாக் கஃபியேரி (1678–1755) சிலவற்றில் பெயர் பொறித்தார். பதினைந்தாம் லூயியின் வெர்சாய் படுக்கையறைக்காக 1739-இல் தச்சர் கோத்ரோ செய்த இழுப்பறை அலமாரியின் வெண்கலம் கஃபியேரியுடையது. இப்போது லண்டன் வாலஸ் தொகுப்பில் இருக்கிறது. அதில் இழுப்பறைக்குத் தனிக் கைப்பிடி கிடையாது. முகப்பு முழுதும் படர்ந்த கொடியின் சுருள்களையே பிடித்து இழுக்க வேண்டும். வெர்சாயில் இன்றும் நிற்கும் அரசரின் எழுத்து மேசையை 1760-இல் தச்சர் உபென் தொடங்கி, 1769-இல் இன்னொரு தச்சர் ரீஸனேர் முடித்தார். அதன் வெண்கலத்துக்கு மாதிரி கொடுத்தவர் துப்லெஸ்ஸி, வார்த்தவர் எர்வியூ.

பாணிகளை அடையாளம் காண நீண்ட வகுப்பு தேவையில்லை. பதினான்காம் லூயி காலத்தில் முகங்களும் கனமான சமச்சீரும். 1730 முதல் 1760 வரையில் ஓடு, நுரை, கொடி, ஒருபக்கம் சாய்ந்த அலை. அதன்பின் கிரேக்க, ரோமானிய மாலைகள், ஆட்டுத் தலைகள், நேர்கோடுகள். நெப்போலியன் காலத்தில் மரத்தின் அகன்ற வெற்றுப் பரப்பில் தனித்து ஒட்டிய சிறகுப் பெண்ணும் அன்னமும். அந்தக் கட்டத்தின் பெரிய பெயர் பியர்-பிலிப் தொமீர் (1751–1843). இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே மாத்யூ போல்டன் 1760-களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகள் இதைச் செய்துபார்த்தார். டெர்பிஷயரில் கிடைக்கும் ஊதா வரியோடிய கல்லில் சாடிகள் செதுக்கி வெண்கலம் பூட்டி, 1771, 1772 ஆண்டுகளில் கிறிஸ்டி ஏலத்தில் விற்றார். பொருள் அழகு, கணக்கு கட்டவில்லை.

கையில் எடுத்துப் பார்ப்பது

முதலில் கண்ணைப் பழக்க வேண்டும். லண்டன் போகிறவர்கள் வாலஸ் தொகுப்பில் அரை நாள் செலவிடுங்கள், கட்டணம் கிடையாது. ஹைதராபாதில் சாலார் ஜங் அருங்காட்சியகத்தின் ஐரோப்பியக் கூடங்கள் நம்மவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடிக்க அங்கே விடமாட்டார்கள், கடையில் விடுவார்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் உளியின் தடம் தெரியும்.

பிறகு திருப்புங்கள். ஒரு பட்டத்தைக் கழற்ற அனுமதி கிடைத்தால் அன்றைய வேலையில் பாதி முடிந்தது. கழற்றுவது கடைக்காரராக இருக்கட்டும்; நீங்கள் திருகைத் தொடாதீர்கள். முதுகுப் பக்கத்தில் மணல் அச்சின் சொரசொரப்பும் அரத்தின் கீறலும் பழுப்பேறிய நிறமும் இருக்க வேண்டும். ரச முலாம் கையால் பூசியது என்பதால் முகத்தோடு நின்றுவிடும். விளிம்பைத் தாண்டிச் சில தீற்றல்கள் மட்டும் முதுகில் வழிந்திருக்கும். முன்னும் பின்னும் ஒரே சீராக மஞ்சள் பூசியிருந்தால் தொட்டியில் அமிழ்த்திய மின்முலாம் என்று சந்தேகிக்கலாம். மின்முலாம் எல்கிங்டன் குடும்பத்தார் 1840-இல் பெற்ற காப்புரிமையோடு சந்தைக்கு வந்தது. பிரான்ஸில் கிறிஸ்தோஃப்ல் 1842-இல் உரிமைகளை வாங்கினார். எனவே மின்முலாம் என்றால் முலாம் 1840-க்குப் பிந்தியது. வெண்கலமும் பிந்தியதுதானா என்பது வேறு கேள்வி. பழைய வெண்கலத்துக்கு 19-ஆம் நூற்றாண்டில் புது முலாம் போடுவது அன்றாட வழக்கம்.

பட்டம் இருந்த இடத்தில் மரத்தையும் பாருங்கள். திருகுக்கு இன்று தேவைப்படாத பழைய துளைகள் உண்டா? பட்டம் மறைத்திருந்த வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு), வெயில் படாமல் ஆழ்ந்த நிறத்தில், பட்டத்தின் உருவத்துக்குப் பொருந்தியிருக்கிறதா? நிழலின் உருவம் வேறாகவும் பட்டத்தின் உருவம் வேறாகவும் இருந்தால், இந்த இரண்டும் பிறகு சேர்ந்தவை. திருகுகளும் பேசும். கையால் வெட்டிய பழைய திருகின் புரி ஒழுங்கற்றிருக்கும், தலைக் கீறல் நடுவை விட்டு விலகியிருக்கும், முனை மழுங்கலாக இருக்கும். கூர்முனையுள்ள சீரான திருகு 19-ஆம் நூற்றாண்டின் நடுவுக்குப் பிந்தியது. ஆனால் திருகு மாற்றுவதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

மறுவார்ப்பு என்பது இந்தத் துறையின் தீராத் தலைவலி. ஒரு பழைய பட்டத்தையே மாதிரியாக வைத்து மணலில் பதித்து இன்னொன்று எடுத்துவிடுவார்கள். ஆறும்போது உலோகம் நூற்றுக்கு ஒன்று, இரண்டு அளவில் சுருங்கும். எனவே மறுவார்ப்பு மூலத்தைவிடச் சற்றே சிறியது. மேசையின் நான்கு மூலைகளில் உள்ள பட்டங்களையும் அளவுகோல் வைத்து அளங்கள். மூன்று ஒத்துப்போய் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தால், தொலைந்துபோன நான்காவதுக்கு மாற்று என்று பொருள். இது குற்றம் ஆகாது, விலையில் தெரிய வேண்டும், அவ்வளவே. மறுவார்ப்பில் நுணுக்கமும் உருகிப்போயிருக்கும்: கண்ணிமை, முடிக்கற்றையின் முனை, இலையின் விளிம்பு எல்லாம் சோப்பால் செய்ததைப் போல மழுங்கியிருக்கும். சில நேரம் மூலத்தில் இருந்த திருகுத் துளையும் அடைபட்ட நிலையில் ஒரு தழும்பாக அச்சில் விழுந்திருக்கும்.

முத்திரைகளில் தெரிந்து வைத்திருக்க வேண்டியது ஒன்று உண்டு: கிரீடம் சூடிய 'சி' எழுத்து. செம்பு கலந்த உலோகப் பொருள்களுக்கு 1745 முதல் 1749 வரை பிரான்ஸில் ஒரு வரி இருந்தது. வரி கட்டியதற்கு அடையாளமாக இந்தச் சின்னஞ்சிறு முத்திரையைக் குத்தினார்கள். இருந்தால், அந்தப் பொருள் அந்த ஆண்டுகளில் விற்பனையில் இருந்தது என்று தெரியும். ஆனால் அதற்குமுன் செய்து அப்போது மறுபடி விற்றதாகவும் இருக்கலாம். பின்னாளில் ஏமாற்றுக்காரர்கள் குத்தியதாகவும் இருக்கலாம். மறுவார்ப்பு எடுக்கும்போது முத்திரையும் சேர்ந்தே பதிந்துவிடும். அப்போது அதன் ஓரங்கள் கூர்மையில்லாமல் ஊதிப்போயிருக்கும். குத்திய முத்திரைக்கும் வார்ப்பில் வந்த முத்திரைக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் வேறுபாடு நன்றாகத் தெரியும்.

இனி அந்தச் சாம்பல் நிறம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நடுத்தரக் குடும்பங்களுக்காகக் கடிகாரங்களைத் துத்தநாகத்தில் வார்த்து மேலே பொன்னிறம் ஏற்றினார்கள். இந்தியாவில் பழம்பொருள் கடைகளில் 'பிரெஞ்சு வெண்கலம்' என்று கிடைப்பதில் கணிசமான பகுதி இதுதான். காந்தம் உதவாது, வெண்கலமும் ஒட்டாது, துத்தநாகமும் ஒட்டாது. உள்பக்கத்தையோ அடிப்பக்கத்தையோ பாருங்கள்: வெண்மையான சாம்பல் தெரியும். விரல் முட்டியால் தட்டினால் வெண்கலம் கணீரென்று ஒலிக்கும், துத்தநாகம் தட்டென்று முடிந்துவிடும். உடைந்த இடம் இருந்தால் அதில் பெரும் பரல்கள் மின்னும். கத்தியால் சுரண்டிச் சோதிக்கச் சொல்லும் ஆலோசகர் யாரையும் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.

இன்னொரு மலிவு வழியும் அன்றே இருந்தது: தங்கமே போடாமல், அமிலத்தில் தோய்த்து மஞ்சளாக்கிய உலோகத்துக்குப் பொன்னிற வார்னிஷ் அடிப்பது. கை படும் இடங்களில் வார்னிஷ் போய்ப் பழுப்புத் திட்டுகள் தென்படும். முலாமோ தேய்ந்த இடத்தில் படிப்படியாக மங்கி அடியுலோகத்தைக் காட்டும், திட்டுத்திட்டாக உரியாது.

பெரிய தொகை என்றால் ஆய்வகத்தை நாடுவதே நல்லது. எக்ஸ்-கதிர் ஒளிர்வுச் சோதனையில் பொருளைச் சேதப்படுத்தாமல் உலோகக் கலவையை அளக்கலாம். முலாமில் பாதரசத்தின் எச்சம் தெரிந்தால் அது அடுப்பில் ஏற்றிய முலாம். ரசம் இருந்தாலே 18-ஆம் நூற்றாண்டு என்று முடிவு கட்ட முடியாது; ரச முலாம் 19-ஆம் நூற்றாண்டு முழுதும் நடந்தது. பொர்தலே, தஸ்ஸோன், லிங்க் போன்ற பிற்காலப் பட்டறைகள் அரண்மனைப் பொருள்களின் பிரதிகளை அசலுக்கு நிகரான தரத்தில் செய்தன. லிங்க்கின் வெண்கலங்களின் முதுகில் அவருடைய பெயரின் முதலெழுத்துகளைக் காணலாம். என் கருத்தில், முத்திரையோடு நேர்மையாக விற்கும் நல்ல 19-ஆம் நூற்றாண்டுப் பிரதி, ஐயத்துக்குரிய 18-ஆம் நூற்றாண்டு 'அசலை'விட எந்த வகையிலும் மேலான கொள்முதல்.

பீங்கான் சாடிகளுக்குப் பூட்டிய வெண்கலத்தை ஒரு வரியில் கடந்துபோக முடியாது. சீனத்திலிருந்து வந்த பச்சைச் சாடி, ஜப்பானிய அரக்குப் பெட்டி ஆகியவற்றை வாங்கி, விளிம்பும் அடித்தட்டும் கைப்பிடியும் பூட்டி, விலையைப் பலமடங்காக்கி விற்றவர்கள் பாரிஸின் அலங்காரப் பொருள் வணிகர்கள். அவர்களில் லசார் துவோவின் 1748 முதல் 1758 வரையிலான நாட்குறிப்புக் கணக்கு இன்றும் கிடைக்கிறது. பதினைந்தாம் லூயியின் இன்னொரு காதலி பொம்பதூர் சீமாட்டி அதில் அடிக்கடி வருகிறார். இப்படிப்பட்ட சாடியை வாங்கும்போது வெண்கலத்தின் கீழே விரல் நுழைகிற அளவு பீங்கானை ஆராயுங்கள். விரிசலையும் உடைந்த கழுத்தையும் மறைக்க வெண்கலத்தைவிட வசதியான இடம் இல்லை. தூக்கும்போது கைப்பிடியைப் பிடிக்கவே கூடாது. அது அழகுக்கு மட்டும்.

காகிதங்கள்

பூல் பாணி மேசைகளில் பித்தளையோடு கடலாமை ஓடும் இழைத்திருக்கும். கடலாமை வகைகள், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்பில் உள்ளவை. வெளிநாட்டு ஏலத்தில் வாங்கி இறக்குமதி செய்ய நினைப்பவர் ஏலத்துக்கு முன்பே அனுமதிச் சான்று பற்றி எழுத்தில் கேட்டுவிடுங்கள். சுங்கத்தில் சிக்கிய பிறகு கேட்டுப் பயனில்லை. எதிர்த்திசையில், 100 ஆண்டு கடந்த கலைப்பொருளை இந்தியாவிலிருந்து தனியார் வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. பொருள் பிரான்ஸில் பிறந்தது என்று வாதாடலாம் என்று நம்பிக் கப்பலில் ஏற்றாதீர்கள். முதலில் தொல்லியல் துறையிடம் கேளுங்கள்.

பேணுதல்

இங்கேதான் நம் வீடுகளில் பெரிய நாசம் நடக்கிறது. குத்துவிளக்கைப் பளிச்சென்று வைத்திருக்கும் வீட்டில், புளியும் சாம்பலும் எடுத்து மஞ்சளாக இருக்கும் எதையும் தேய்க்கும் கை எப்போதும் தயாராக இருக்கும். புளியின் அமிலமும் சாம்பலின் உராய்வும் முலாமை வாரிக்கொண்டு போய்விடும். கடையில் விற்கும் பித்தளைப் பாலிஷும் அப்படியே. தங்கம் கறுக்காது. மேலே தெரியும் மங்கல் அழுக்கு, புகை, பழைய மெழுகு, அல்லது அடியுலோகத்திலிருந்து நுண்துளை வழியே வெளிவந்த களிம்பு. தேய்த்தால் போவது அழுக்கோடு தங்கமும். பள்ளங்களில் தங்கிய மங்கலை அப்படியே விட்டுவிடுவது நல்லது. செதுக்கலின் ஆழம் கண்ணுக்குத் தெரிவதே அதனால்தான்.

வாரம் ஒருமுறை மென்மயிர்த் தூரிகையால் தூசி தட்டினால் போதும். துணி வேண்டாம், கூரான இலை முனைகளில் நூல் மாட்டிக்கொண்டு, பட்டத்தையே பெயர்த்துவிடும், அல்லது பக்கத்தில் எழும்பியிருக்கும் வெனீர்ச் சில்லைப் பிய்த்துவிடும். வேலைக்கு உதவுபவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். தொடும்போது கையுறை போடுங்கள்; வியர்வையின் உப்பு முலாமின் துளைகளுக்குள் இறங்கிக் களிம்பைக் கிளப்பும்.

பிசுக்கு அதிகம் படிந்த தனிப் பொருளை, அதாவது மரத்தோடு ஒட்டாத மெழுகுவர்த்தித் தாங்கி போன்றதை, வடிகட்டிய நீரில் காரமற்ற சோப்புத் திரவம் இரண்டு சொட்டு விட்டு, பஞ்சுக் குச்சியால் துடைத்து, உடனே வெறும் நீரால் துடைத்து, ஈரம் இல்லாமல் ஒற்றி எடுக்கலாம். மின்கம்பி ஓடும் விளக்குகளில் இதைச் செய்யக் கூடாது. மேசையோடு இருக்கும் பட்டத்துக்கு நீர் காட்டவே கூடாது. பட்டத்தின் கீழே கசிந்த நீரால் வெனீர் உப்பிப் பசை விட்டுவிடும். அம்மோனியா கலந்த சுத்திகரிப்பான்கள் பித்தளை வகை உலோகத்தில் வெடிப்பை உண்டாக்கக்கூடியவை. அவற்றைக் கையாளுவது தேர்ந்த பழுதுபார்ப்பவரின் பொறுப்பு.

சென்னை, புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றே முதல் பகைவன். பச்சைப் புள்ளிகள் பொடிப்பொடியாகத் தோன்றி, துடைத்த இடத்திலேயே மறுபடி வந்தால் அது உலோகத்துக்குள் குளோரைடு இறங்கியதன் அறிகுறி. தாமதிக்காமல் ஆள் பாருங்கள். அறையின் ஈரப்பதம் பெரிதும் ஏறி இறங்காமல் 50 விழுக்காட்டை ஒட்டி நிலையாக இருப்பது மரத்துக்கும் நல்லது, உலோகத்துக்கும் நல்லது. கடல் பார்த்த சன்னலுக்கு எதிரே வைக்க ஆசைப்படாதீர்கள்.

உடைந்த கொடியை ஒட்டவைக்கத் தெருமுனைப் பட்டறைக்கு எடுத்துப்போவது இரட்டைத் தவறு. பற்றவைக்கும் சூட்டில் சுற்றிலும் உள்ள முலாம் நிறம் மாறும். பழைய முலாமில் எஞ்சியிருக்கும் பாதரசமும் ஆவியாகி, வேலை செய்பவரின் மூச்சில் போகும். "புதுசாட்டம் ஆக்கித் தர்றேன் சார்" என்று முழு முலாம் போட முன்வருபவரிடம் பணிவாக மறுத்துவிடுங்கள். தேய்ந்த பழைய முலாமுக்கு இருக்கும் மதிப்பு, புது முலாம் போட்ட நிமிடத்தில் பெருமளவு போய்விடும். போனால் திரும்பாது.

பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்கும் நாளில் எழுத்தில் நான்கு விஷயம் கேளுங்கள்: வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், பயன்படுத்தப் போகும் பொருள்களின் பெயர்கள், புது முலாம் போடுவதில்லை என்ற உறுதி, கழற்றிய ஒவ்வொரு பட்டத்துக்கும் திருகுக்கும் எண் போட்ட வரைபடம். கடைசியாகச் சொன்னதை அலட்சியப்படுத்துகிறவர்கள் அதிகம். கையால் வெட்டிய திருகு அதன் சொந்தத் துளைக்கு மட்டுமே பொருந்தும். மாற்றி முறுக்கினால் இருநூறு ஆண்டு மரம் பிளக்கும். ஒவ்வொரு திருகையும் தனித்தனி உறையில் போட்டு, உறையின் மேல் எண் எழுதி, உறைகள் எல்லாவற்றையும் மேசையின் நடு இழுப்பறையிலேயே வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.